வண்ணம் தேய்ந்த பழைய மரப்பெட்டகத்தை அப்படியே காப்பது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் தேடி, நான்கு அடி நீளமுள்ள ஒரு தேக்குப் பெட்டகத்தை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். உடல் முழுவதும் பச்சைப் பூச்சு, முகப்பில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூக்கொடி, பூட்டுத் தகட்டைச் சுற்றிலும் கைபட்டுக் கைபட்டு மரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோன ஒரு வட்டம். வந்த அன்றே, தூசி போகட்டும் என்று ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே இருந்த சிற்றறையின் மூடியில் பூசியிருந்த நீலம் பாதிக்கு மேல் துணியோடு வந்துவிட்டது. அடுத்த வாரம் கீல் மாற்ற வந்த தச்சர், நான் சமையலறையில் இருந்த பத்து நிமிடத்தில், மூடியின் ஒரு மூலையை உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, "நாலு நாள் குடுங்கம்மா, தேக்கு தெரிய பாலிஷ் போட்டுடலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் அந்த மூலையும் அந்த நீலமும் இனித் திரும்பா.

அதன்பிறகு அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் பழகியவர்களிடம் கேட்டும், பெட்டகத்தின் பின்புறத்தில் சிறிது சிறிதாகச் செய்து பார்த்தும் நான் கற்றுக்கொண்டவற்றை, முதல்முறையாக இப்படியொரு பொருளை வாங்குகிறவர்களுக்காக வரிசைப்படுத்தியிருக்கிறேன். தேய்ந்த பூச்சைப் புதிதாக்குவது நம் வேலையன்று. தூசியை எடுப்பது, உரிந்து தொங்குவதை ஒட்டுவது, பிறகு கையை எடுத்துவிடுவது, அவ்வளவே நம் வேலை.

1. வாங்கும்போதே பெற வேண்டிய தாள்கள்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகின்றன. அவற்றை வணிகமாக விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். தனியாள் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே கடையில் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: பொருளின் அளவும் மரமும் வண்ணமும் எழுதிய ரசீது, பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற ஒரு வரி, நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று சொல்லி விற்றால் கடைக்காரரின் உரிம எண்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விலையை ஏற்றுவதற்காக "நூற்றிருபது வருடப் பெட்டி" என்று ரசீதில் எழுதித் தருவார்கள். நாமும் மகிழ்ச்சியோடு வாங்கி வைத்துக்கொள்வோம். பின்னொரு நாள் அதை வெளிநாட்டில் உள்ள மகளுக்கோ மகனுக்கோ அனுப்ப நினைத்தால் அந்த வரியே தடையாகிவிடும். நூறு ஆண்டுக்குட்பட்ட பொருளாக இருந்தாலும், பழமையான தோற்றமுள்ள எதையும் அனுப்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைப் பெறுவதே பாதுகாப்பு. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. எல்லாப் பக்கங்களின் புகைப்படமும் அளவுகளும் ரசீதும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே போக்குவரத்தைப் பேசுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது குமிழ் உறையை நேரடியாகப் பூச்சின்மேல் சுற்ற விடக்கூடாது. வெயிலில் சூடேறினால் அந்த வட்டங்கள் பூச்சில் பதிந்துவிடும். செய்தித்தாளும் வேண்டாம், மை ஏறும். வழவழப்பான வெள்ளைத் தாளை உள்ளே வைத்து, அதன்மேல் கம்பளியைச் சுற்றுவதே நல்லது.

2. முதல் நான்கு வாரம் எதையும் செய்யாதீர்கள்

காரைக்குடியின் வறண்ட காற்றில் பல ஆண்டுகள் இருந்த மரம், கடற்கரை ஊரின் ஈரக் காற்றுக்கு வந்ததும் நாருக்குக் குறுக்கே சிறிது உப்பும். மரம் அசையும்போது அதன்மேல் இறுகிப்போயிருக்கும் பழைய பூச்சு அதனோடு சேர்ந்து அசைய முடியாமல் விரிசல் விட்டுச் செதில் செதிலாகத் தூக்கிக்கொள்ளும். மரம் புதிய இடத்துக்குப் பழகுவதற்குமுன் நீங்கள் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உரியும். ஆகையால் குளிர்சாதனம் இல்லாத, வெயில் படாத ஓர் அறையில், வெளிச்சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் ஓர் ஈரப்பதமானியை வைத்துக் காலையும் மாலையும் குறித்து வாருங்கள். அளவு அதிகமாக இருப்பதைவிட, ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் பூச்சுக்குக் கேடு.

இதே நான்கு வாரத்தில் உளு, அதாவது மரத்தைத் துளைத்துத் தின்னும் பூச்சி, இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். பெட்டகத்தின் அடியில் கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். மாவுபோல மரத்தூள் புதிதாக விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் பெரும்பாலும் பழைய சேதம்தான். உடனே மண்ணெண்ணெயைத் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். அது பூச்சின் விளிம்புகள் வழியாக ஊறிக் கறையாக நின்றுவிடும். தூள் விழுகிறதென்றால் பெட்டகத்தைத் தனியறையில் வைத்துவிட்டு, மருந்து தெளிக்காமல் உயிர்வளியை (ஆக்சிஜனை) அகற்றிப் பூச்சியைக் கொல்லும் முறை தெரிந்த பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். கைப்பெட்டி போன்ற சிறு பொருளாக இருந்தால், நெகிழி உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரிக்குச் செல்லும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்பதும் ஒரு வழி. ஆனால் பூச்சு ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

3. ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய எந்தப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். பழைய வெள்ளையிலும் மஞ்சளிலும் செந்தூரச் சிவப்பிலும் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. தச்சர் என் பெட்டகத்தின் மூலையைத் தேய்த்தபோது கூடம் முழுவதும் பறந்த தூளை நான் துடைப்பத்தால் பெருக்கினேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; கருவுற்றிருப்போருக்கும் கேடு.

நிறம் மாறும் சோதனைக் குச்சிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பூச்சு பெயர்ந்த ஓர் ஓரத்தில், எல்லா அடுக்கும் தெரியும் இடத்தில் தேயுங்கள். ஈயம் மேலடுக்கில் இல்லாமல் அடியில் இருக்கக்கூடும். குச்சி சிவப்பாக மாறும் வகையாக இருந்தால், சிவப்புப் பூவின்மேல் செய்யும் சோதனை ஏமாற்றும். பூவின் நிறமே குச்சியில் ஒட்டிக்கொண்டு ஈயம் போலத் தோன்றும்.

ஈயம் இருப்பது தெரிந்தாலும் பெட்டகத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உப்புத்தாளும் வெப்பத்துப்பாக்கியும் கூடவே கூடாது. வேலை செய்யும்போது என்-95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை உறையிலிட்டுக் கட்டி அகற்ற வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால், அந்தக் குழந்தை வளரும்வரை பெட்டகத்தைப் பூட்டிய அறையில் வைப்பதே என் கருத்து.

4. படமெடுத்து, தேய்வையும் உரிவையும் பிரித்துக் குறியுங்கள்

அறையை இருட்டாக்கி, கைவிளக்கை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த முகப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் வெடித்த குளத்துச் சேறுபோல ஓரம் ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

படத்தின் நகலில் இரண்டு நிறப் பேனாவால் குறியுங்கள். கைபட்டு வழவழப்பாகத் தேய்ந்த இடம், அதாவது பூட்டைச் சுற்றியும் மூடி விளிம்பிலும் இருப்பது, உறுதியானது. அதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை, அதுதான் பெட்டகத்தின் வாழ்க்கை. ஓரம் தூக்கிய செதில், உள்ளே காற்று புகுந்து உப்பிய கொப்புளம், தொட்டால் விரலில் மாவாக ஒட்டும் பரப்பு ஆகிய மூன்றும்தான் ஆபத்தானவை. அவற்றுக்கு எண் கொடுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த நாளில் எந்த எண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்பதும் அதில் ஏற வேண்டும். பின்னால் வரும் வல்லுநர் முதலில் கேட்பது இந்தக் குறிப்பேட்டைத்தான்.

என் பெட்டகத்தில் பெயர்ந்த ஓர் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது பச்சைக்கு அடியில் நீலமும், அதற்கடியில் காவியும், அதற்கும் அடியில் மரமும் வரிவரியாகத் தெரிந்தன. முகப்பின் நடுவில் மங்கிய மூன்று மஞ்சள் குங்குமப் பொட்டுகள் இருந்தன. யாரோ ஒருவர் ஆயுத பூசைக்கோ பொங்கலுக்கோ வைத்தவை. அவற்றை அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவையும் பூச்சின் பகுதியே.

5. பூச்சின் வகையைச் சோதியுங்கள்

நான் செய்யத் தவறியது இதுதான். மூடியின் உட்புறம், பின்பக்கம் போன்ற மறைவான இடத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பல்குத்தும் குச்சியில் சிறிது பஞ்சைச் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, உறிஞ்சுதாளில் ஒற்றிவிட்டு, கடுகளவு இடத்தில் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். பஞ்சில் சாம்பல் நிறம் மட்டும் வந்தால் அது அழுக்கு. பூச்சின் நிறமே வந்தால் அது வஜ்ரம் என்ற விலங்குப் பசையிலோ கோந்திலோ குழைத்த நீர்ப்பூச்சு; அந்த இடத்துக்கு இனி எந்நாளும் தண்ணீர் ஆகாது. என் சிற்றறை மூடியின் நீலம் அப்படிப்பட்டது.

தண்ணீருக்கு அசையாவிட்டால், வேறொரு கடுகளவு இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இதையே செய்யுங்கள். பஞ்சில் தேன்நிறம் ஏறினால் மேலே அரக்குப் பாலிஷ் இருக்கிறது. அதற்கு ஆல்கஹால் படக்கூடாது. இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் எண்ணெய்ப் பூச்சு. குங்குமப் பொட்டுகளின் அருகில் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். மஞ்சள் ஆல்கஹாலில் கரைந்து பரவிவிடும்.

6. தூசி எடுத்தல்

உரிந்த இடங்களைத் தவிர்த்துவிட்டு, உறுதியான பரப்பில் மட்டும் தொடங்குங்கள். ஆட்டுமயிர்த் தூரிகையால் மிக மெல்ல நீவி, நுண்தூசியையும் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சியின் வாயை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். அந்த வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிட்டால், தவறிப் பெயரும் செதில் வலையில் தங்கும். எடுத்து உறையிலிட்டு, வந்த இடத்தின் எண்ணை எழுதி வைக்கலாம். எண்ணெய்ப் பூச்சுள்ள இடத்தில் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால், நீரில் நனைத்து ஒற்றிய பஞ்சை உருட்டி, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். பஞ்சு அழுக்கானதும் மாற்றுங்கள். சோப்பு, சலவைத்தூள், எலுமிச்சை, சமையல் சோடா எதுவும் வேண்டாம். முழுக்க வெளுக்கும்வரை போகாதீர்கள்; பாதி அழுக்கு போனதும் நிறுத்தியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

7. உரியும் செதில்களை ஒட்டுதல்

பொறுமை வேண்டிய வேலை இது. நான் எண்ணெய்ப் பூச்சுக்குப் பயன்படுத்தியது நிறமும் மணமும் சேர்க்காத ஜெலட்டின். 100 மில்லி வடித்த நீரில் 3 கிராம் ஜெலட்டினைப் போட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்து 50 டிகிரிக்கு மேல் போகாமல் கரையுங்கள். கொதித்தால் பசைத்தன்மை குறைந்துவிடும். வேலை முடியும்வரை 40 டிகிரியளவில் சூடாகவே இருக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

முதலில் ஆல்கஹாலும் நீரும் சரிபாதி கலந்து, மெல்லிய தூரிகை நுனியால் ஒரு துளியை விரிசலின் விளிம்பில் தொடுங்கள். அது உள்ளே ஓடி வழி திறந்துவிடும். ஆல்கஹாலுக்கோ நீருக்கோ கரையும் பூச்சில் இதைச் செய்யக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். உடனே ஜெலட்டினை அதே விளிம்பில் தொட்டால் செதிலுக்கு அடியில் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். விறைத்துக்கிடந்த செதில் ஈரத்தில் இளகி வளையத் தொடங்கும். அந்தக் கணத்துக்காகவே காத்திருக்க வேண்டும். முன்கூட்டி அழுத்தினால் மொறுக்கென்று உடையும். இளகியபின் சிலிக்கான் பூசிய அடுமனைத் தாளை மேலே வைத்து, விரல்நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல அழுத்தி, வழிந்த பசையை ஈரப்பஞ்சால் ஒற்றிவிட்டு, சிறு மணல்பையை வைத்து ஓர் இரவு விடுங்கள். நிற்கும் பக்கத்தில் மணல்பை நிற்காது. ஆகவே முடிந்தவரை பெட்டகத்தைப் படுக்கவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுக்கு மேல் போகாதீர்கள்.

பருவம் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெலட்டின் காய நெடுநேரமாகிப் பூஞ்சை பிடிக்கும். தை, மாசி மாதங்களே ஏற்றவை. வல்லுநர்கள் பலர் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். சிறந்த பொருள்தான். ஆனால் அது இளகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி என்பதால், சித்திரை வெயில் நேரே விழும் அறையில் ஒட்டுத்தன்மை கொண்டு தூசியைப் பிடிக்கக்கூடும். அசிட்டோன் பல பூச்சுகளையும் அரக்கையும் கரைத்துவிடும். கற்றவர் கையில் மட்டும் அது இருக்கட்டும்.

நீர்ப்பூச்சு மாவாக உதிர்ந்தால் நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். வீட்டில் செய்யும் எதுவும் அதன் நிறத்தைக் கருக்கச் செய்யும், அல்லது கறைவட்டம் போடும்.

8. ஆலோசனைகள் வரும், மறுத்துவிடுங்கள்

தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள். அன்று பளபளக்கும், பிறகு சிக்கெடுத்துத் தூசியை ஈர்க்கும். ஆளிவிதை எண்ணெய் அதைவிடக் கெடுதல், இறுகியபின் கரைத்தெடுக்க முடியாதபடி கருத்துப்போகும். அதில் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றவும் கூடும். வார்னிஷ் பூசினால் மங்கிய பச்சை ஈரம்பட்டதுபோல ஆழ்ந்த நிறமாகி, தேய்ந்த பூச்சின் மென்மை மறைந்துவிடும். மெழுகு பற்றித்தான் நான் வெகுநாள் தடுமாறினேன். உறுதியான, வழவழப்பான எண்ணெய்ப் பூச்சில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகப் பூசலாம். மங்கலான பூச்சிலோ உரியும் பூச்சிலோ மெழுகு புகுந்துவிட்டால் பின்னர் எந்தப் பசையும் உள்ளே ஏறாது. என் பெட்டகத்துக்கு நான் மெழுகு பூசவில்லை.

தேய்ந்த இடத்தில் நிறம் நிரப்புவதும் வேண்டாம்.

9. செலவும் காலமும்

தூசி உறிஞ்சியையும் ஒளிப்படக் கருவியையும் சேர்க்காமல், ஈரப்பதமானி, தூரிகைகள், முகக்கவசம், ஈயச் சோதனைக் குச்சி, ஜெலட்டின், வடித்த நீர், ஆல்கஹால், தாள் எல்லாம் சேர்த்து எனக்கு நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. காலம்தான் அதிகம்: பழக விட்டது நான்கு வாரம், படமும் குறிப்பும் சோதனையும் ஒரு வாரம், தூசிக்கு மூன்று நாள், முப்பது செதில்களை ஒட்ட ஏறக்குறைய ஆறு வாரம். பொங்கலுக்குள் முடித்துக் கூடத்தில் வைத்துவிடலாம் என்று தேதி குறித்துக்கொண்டு தொடங்காதீர்கள். அவசரத்தில்தான் செதில்கள் உடைகின்றன.

முகப்பில் உருவச் சித்திரங்களோ தங்க ரேக்கோ இருந்தால், பாதிக்கு மேல் உரிந்திருந்தால், நீர்ப்பூச்சாக இருந்தால், சொந்தமாகச் செய்யாதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. பண்பாட்டு மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்புக்குப் பெங்களூரில் பாதுகாப்பு மையம் இருக்கிறது. படங்களையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போய் முதலில் ஆலோசனை கேளுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். எந்தப் பொருளைப் பயன்படுத்துவார்கள், அதைப் பின்னர் நீக்க முடியுமா என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள்.

வீட்டில் வைத்தபின், மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் அது ஓய்ந்ததும் ஒருமுறையும், அதே இருட்டில் அதே சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்தையும் சன்னலோரத்தையும் தவிருங்கள். இந்த மார்கழியில் பார்த்தபோது இடது காலுக்கு மேலே இரண்டு செதில்கள் புதிதாகத் தூக்கியிருந்தன. குறிப்பேட்டில் 31, 32 என்று எழுதி, அந்தப் பக்கத்தில் யாரும் கைவைக்காதபடி நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கிறேன். தை பிறந்து காற்று உலர்ந்ததும் ஒட்டுவேன்.